தம்பியின் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பது என்ன? வயிற்றுக் காய வார்த்தைகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு நான்குவழிச் சாலையில் பைக் விபத்து. ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தி, தூக்கி எறிந்திருக்கிறது. வெளியே ஒரு சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது அங்கே படுக்கையில் இருக்கிறான். ஆபரேஷன் செய்யவில்லை, "பார்ப்போம்" என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று கத்துகிறார்கள். கேஸ் ஷீட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"பிளன்ட் ட்ராமா அப்டமன். கிரேடு த்ரீ ஸ்ப்ளீனிக் லேசரேஷன் வித் ஹீமோபெரிட்டோனியம். லெஃப்ட் பெரிநெஃப்ரிக் ஹீமட்டோமா. பெல்விக் ஃபிராக்சர், யூரெத்ரல் இஞ்சுரி, எஸ்.பி.சி. டன். ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள். பிளான்: என்.ஓ.எம்."

இதில் எது பயப்பட வேண்டியது?

கத்தரிக்கோல்:
சர்ஜரி பி.ஜி. படிக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் வார்த்தைகளுக்கு மட்டும் பொருள் சொல்கிறேன். முடிவெல்லாம் அங்கிருக்கும் டாக்டர்களுடையது.

முதலில் கடைசி வரிக்கு முந்தைய வரியைப் படியுங்கள். ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கைவிட்டுப் போகவில்லை என்று பொருள். நாங்கள் கேஸ் ஷீட்டை எடுத்தால் கண் முதலில் போவது அங்கேதான். அது சரியாக இருக்கும்வரை மற்ற வார்த்தைகளைப் பொறுமையாகப் படிக்கலாம்.

பிளன்ட் ட்ராமா என்றால் ஊமைக்காயம். தோல் கிழியாமல் உள்ளே அடிபட்டது. கத்தி, கம்பி, கொம்பு உள்ளே போனால் பெனிட்ரேட்டிங். ஊமைக்காயத்தில் வெளித்தோலைப் பார்த்து உள்ளே எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்கேன்.

ஸ்ப்ளீன் என்பது மண்ணீரல். இடது விலாவுக்கு அடியில், முதுகுப் பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ரத்தம் நிறைந்த மெல்லிய உறுப்பு. வயிற்றில் ஊமையடி பட்டால் அடிக்கடி கிழிவது இதுவும் கல்லீரலும்தான். லேசரேஷன் என்றால் கிழிசல். ஹீமட்டோமா என்றால் ரத்தம் ஓரிடத்தில் கட்டி நிற்பது. கன்டியூஷன் என்றால் கன்றிப்போனது. கிரேடு ஒன்று முதல் ஐந்து வரை; அமெரிக்க ட்ராமா சர்ஜன்கள் சங்கம் போட்ட அளவுகோல், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் 2018இல் திருத்தினார்கள். மண்ணீரலில் கிழிசல் 1 செ.மீ.க்குள் என்றால் ஒன்று, 1 முதல் 3 செ.மீ. வரை இரண்டு, 3 செ.மீ.க்கு மேல் ஆழம் போனால் மூன்று. ஐந்து என்றால் உறுப்பே சிதறிவிட்டது, அல்லது ரத்தம் வயிற்றறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் தம்பிக்கு நடுவில். சின்னக் காயம் இல்லை, ஆனால் கத்தி எடுத்தே தீர வேண்டிய காயமும் இல்லை.

ஹீமோபெரிட்டோனியம் என்றால் வயிற்றறைக்குள் ரத்தம். ஹீமோ என்று தொடங்கினால் ரத்தம், நிமோ என்று தொடங்கினால் காற்று. நிமோபெரிட்டோனியம் என்று எழுதியிருந்தால் கதை வேறு: குடலோ இரைப்பையோ ஓட்டையாகிக் காற்று வெளியே வந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள், பொதுவாக ஆபரேஷன்தான். உங்கள் சீட்டில் அது இல்லை.

என்.ஓ.எம். என்றால் நான் ஆபரேட்டிவ் மேனேஜ்மென்ட். அறுக்காமல் கண்காணித்துக் குணப்படுத்துவது. அது ஒரு சிகிச்சை முறை. சும்மா போட்டு வைப்பது இல்லை.

ஊர்க்குருவி:
டாக்டர் தம்பி சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் சித்தப்பாவுக்கு இதே மாதிரி அடிபட்டபோது அன்று ராத்திரியே மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் வயலில் வேலை பார்க்கிறார். உள்ளே ரத்தம் இருக்கிறது என்று தெரிந்தும் வேடிக்கை பார்ப்பது என்ன வைத்தியம்? பிரைவேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கத்தரிக்கோல்:
அண்ணா, சித்தப்பாவுக்கு எடுத்தது தவறு என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு பி.பி. விழுந்திருக்கலாம். முன்பு மண்ணீரல் கிழிந்தாலே எடுத்துவிடுவதுதான் வழக்கம். அந்த உறுப்பு இல்லாமலும் வாழலாம் என்பது உண்மை. ஆனால் நிமோகாக்கஸ் மாதிரிச் சில கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது அதுதான். அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரித் தொடங்கி, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் தொற்று வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மோசம். அதனால் எடுத்தவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி மூன்றுக்கும் தடுப்பூசி போட வேண்டும். சித்தப்பாவுக்குப் போட்டார்களா என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

குழந்தைகளுக்கு மண்ணீரலைக் காப்பாற்றுவது முதலில் வழக்கத்துக்கு வந்தது, அப்புறம்தான் பெரியவர்களுக்கு. சி.டி. ஸ்கேன் பரவலானதும் ஒரு காரணம். உள்ளே எவ்வளவு கிழிந்திருக்கிறது, ரத்தம் இன்னும் கசிகிறதா என்று வயிற்றைத் திறக்காமலே தெரிந்துவிடுகிறது. கசிந்தால்கூட, வசதி இருக்கும் இடத்தில் தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் கசியும் குழாயை மட்டும் அடைக்கலாம். அதற்கு ஆஞ்சியோ எம்போலைசேஷன் என்று பெயர்.

முடியாதபோது லேபரோட்டமி, வயிற்றைத் திறப்பது. இந்த வால்களைத் தெரிந்துகொண்டால் பாதி சீட்டு புரிந்துவிடும். ஒட்டமி என்று முடிந்தால் அறுத்துத் திறப்பது. எக்டமி என்றால் எடுத்துவிடுவது: ஸ்ப்ளீனெக்டமி, நெஃப்ரெக்டமி. ஆஸ்டமி என்றால் வெளியே வழி வைப்பது: பெருங்குடலுக்கு கொலாஸ்டமி, சிறுநீர்ப்பைக்கு சிஸ்டாஸ்டமி. ராஃபி என்றால் தைப்பது. பிளாஸ்டி என்றால் சீரமைப்பது. ஒட்டமிக்கும் ஆஸ்டமிக்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றில் தையல் போட்டு மூடி வீட்டுக்கு வருவார், இன்னொன்றில் வயிற்றில் பையோடு வருவார்.

ஓ.டி. அக்கா:
இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸ். ஊர்க்குருவி தம்பி, வேடிக்கை பார்ப்பது என்று சொல்லாதீர்கள், எங்களுக்குக் கோபம் வரும். என்.ஓ.எம். கேஸ் ஒன்று வார்டில் இருந்தால் அந்த ஷிஃப்ட் முழுக்க அதுதான் வேலை. நாடி, பி.பி., யூரின் அளவு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின். வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடும்போது தசை தானாக இறுகினால் கார்டிங். பலகை மாதிரி எப்போதும் விறைத்தே இருந்தால் ரிஜிடிட்டி. அழுத்திய கையை எடுத்ததும் சுள்ளென்று வலித்தால் ரீபவுண்ட் டெண்டர்னெஸ். இது மூன்றும் வயிற்றறை உறைக்குள் அழற்சி வந்துவிட்டது என்பதற்கான அடையாளம், பெரிட்டோனைட்டிஸ். அப்போது உடனே சர்ஜனைக் கூப்பிடுவோம்.

வைகைக்கரை, உங்கள் கையில் இருக்கும் வேலை ஒன்று சொல்கிறேன். தம்பி இடது தோள்பட்டை வலிக்கிறது என்றால் "படுத்தே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். மண்ணீரலிலிருந்து வரும் ரத்தம் உதரவிதானத்தை உரசினால் வலி தோளில் தெரியும், இரண்டுக்கும் நரம்பு கழுத்திலிருந்துதான் வருகிறது. டாக்டர்கள் கேர் சைன் என்பார்கள். தலை சுற்றல், வியர்வை, வாய் வறட்சி, வயிறு உப்புவது, எதுவானாலும் சொல்லுங்கள்.

அப்புறம் என்.பி.ஓ. என்று கட்டிலில் அட்டை மாட்டியிருந்தால் வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று பொருள். எங்கள் வார்டில் மாமியார்கள் முந்தானைக்குள் இளநீர் கொண்டுவருவார்கள். திடீரென்று ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்தின்போது நுரையீரலுக்குப் போகும். கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

மானிப்பாயான்:
யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கட ஊரில் பனையில், தென்னையில் இருந்து விழுந்து இப்படி வருகிறவர்கள் நிறைய. பெரியாஸ்பத்திரியில் டிக்கெட்டை, அதாவது உங்கட கேஸ் ஷீட்டை, பார்த்தால் எல்லாம் இங்கிலீசில்தான். 1847இல் இங்கே வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவர் தொடங்கிய வேலை அப்படியே நின்றுபோனது. சரி, அந்தக் கதை வேறு.

எனக்கு விளங்காதது யூரேட்டர், யூரெத்ரா. நாங்கள் பள்ளியில் சிறுநீர்க்கான், சிறுநீர்வழி என்று படித்தோம். அங்கே என்ன சொல்லுவினம்? வைகைக்கரை எழுதியதில் இருப்பது எது?

கத்தரிக்கோல்:
நல்ல கேள்வி அண்ணா. இங்கே பாடப்புத்தகத்தில் சிறுநீர் நாளம், சிறுநீர்ப் புறவழி. ஆனால் வார்டில் கேட்டால் இரண்டுக்கும் "யூரின் டியூப்" என்றுதான் பதில் வரும், குழப்பம் அங்கேதான். யூரேட்டர் இரண்டு இருக்கும், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகிறது. யூரெத்ரா ஒன்றுதான், பையிலிருந்து வெளியே வருவது. விபத்தில் யூரேட்டர் அறுபடுவது அபூர்வம். இடுப்பெலும்பு உடைந்த ஆண்களுக்கு யூரெத்ரா கிழிவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். வைகைக்கரை தம்பிக்கு அதுதான்.

இடுப்பெலும்பின் முன்வளையம் உடைந்து விலகும்போது, அதோடு ஒட்டியிருக்கும் பின்பகுதி யூரெத்ரா இழுபட்டுக் கிழிகிறது. இதை போஸ்டீரியர் என்பார்கள். மதில்மேல் கால் இரண்டு பக்கமும் போட்டமாதிரி விழுவது, சைக்கிள் பாரில் விழுவது, இதில் அடிபடுவது முன்பகுதி, ஆன்டீரியர். அதற்கு ஸ்ட்ராடில் இஞ்சுரி என்று பெயர். அடையாளம் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆணுறுப்பின் நுனியில் ரத்தத்துளி, யூரின் முட்டிக்கொண்டு வந்தாலும் போக முடியாது. இந்த நிலையில் தெரியாமல் டியூப் போட்டுத் தள்ளினால் பாதி கிழிந்தது முழுக்கக் கிழியும். அதனால் முதலில் ஆர்.ஜி.யூ.; நுனி வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அதில் கிழிசல் தெரிந்தால் எஸ்.பி.சி. சுப்ரா பியூபிக் சிஸ்டாஸ்டமி, அடிவயிற்றில் சின்ன ஓட்டை போட்டு நேரே பைக்குள் குழாய் வைப்பது. அதைத்தான் உங்கள் தம்பிக்குச் செய்திருக்கிறார்கள். உள்ளே கிழிசல் ஆறித் தழும்பாகி அடைத்துக்கொண்டால் அதற்கு ஸ்ட்ரிக்சர் என்று பெயர். மூன்று மாதம் போலக் கழித்து யூரெத்ரோபிளாஸ்டி செய்வார்கள். அதுவரை குழாயோடுதான் இருக்க வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:
மூன்று மாதமா! இதை அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது, உண்மை.

குழாயில் யூரின் சிவப்பாக வருகிறது. சிறுநீரகமும் போய்விட்டதா? சீட்டில் "பெரிநெஃப்ரிக்" என்று இருக்கிறதே. கல்யாணம் ஆகாத பையன், அம்மா வேறு ஒன்றையும் நினைத்து அழுகிறார். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மூத்திரவியல் ரசிகன்:
பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், யூராலஜி ஓ.பி.யில் டெக்னீஷியன் வேலை.

நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். பெரி என்றால் சுற்றி. ரத்தம் சிறுநீரகத்தைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது, சிறுநீரகம் போய்விட்டது என்று அங்கே எழுதவில்லை. வயிற்றை ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொண்டால் குடல், மண்ணீரல், கல்லீரல் எல்லாம் முன்கட்டு. சிறுநீரகம், கணையம், பெரிய ரத்தக்குழாய்கள் பின்கட்டு. அதற்கு ரெட்ரோபெரிட்டோனியம் என்று பெயர். பின்கட்டில் ரத்தம் கட்டினால் சுற்றியிருக்கும் கொழுப்பும் உறையும் அமுக்கிப் பிடிக்கும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஆனால் பின்கட்டில் நடப்பது வயிற்றைத் தொட்டால் தெரியாது. எமர்ஜென்சியில் எடுக்கும் ஃபாஸ்ட் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் சரியாகத் தெரியாது. அது நான்கு இடத்தில் மட்டும் நீர் நிற்கிறதா என்று பார்ப்பது: கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி. அதனால்தான் மருந்து ஏற்றி சி.டி.

சிவப்பு யூரினுக்கு ஹீமச்சூரியா என்று பெயர். கண்ணுக்குத் தெரிந்தால் கிராஸ், மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிந்தால் மைக்ரோஸ்கோப்பிக். ஒரு விஷயம் கவனியுங்கள், எவ்வளவு சிவப்பு என்பதை வைத்துக் காயத்தை அளக்க முடியாது. லேசாகக் கன்றினாலே ரத்தமாகப் போகலாம். ரத்தக்குழாயே அறுந்த சிறுநீரகத்திலிருந்து துளிகூட வராமல் இருக்கலாம். எக்ஸ்ட்ராவசேஷன் என்ற வார்த்தை ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யூரின் போக வேண்டிய வழியை விட்டு வெளியே கசிகிறது என்று பொருள். அது இருந்தால் கிரேடு நான்கு பக்கம் போகும். உங்கள் பையனுக்கு யூரெத்ராவும் அடிபட்டிருப்பதால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சிறுநீர்ப்பையும் கிழியலாம். இடுப்பெலும்பு உடைந்து கிழிந்தால் பெரும்பாலும் எக்ஸ்ட்ராபெரிட்டோனியல், குழாய் போட்டு ஓரிரு வாரம் வைத்தாலே பெரும்பாலானவை கூடிவிடும். குடித்துவிட்டுப் பை முட்ட முட்ட நிறைந்திருக்கும்போது அடிவயிற்றில் அடி விழுந்தால் மேல்பக்கம் வெடித்து வயிற்றறைக்குள் கொட்டும். அது இன்ட்ராபெரிட்டோனியல், தைத்தே ஆக வேண்டும்.

அம்மா அழும் விஷயம்: இந்த மாதிரிக் காயத்தில் விறைப்புத் தன்மை பாதிக்கப்படலாம், எல்லோருக்கும் ஆகும் என்றில்லை. நாளாகத் தேறுகிறவர்களும் உண்டு. யூராலஜி டாக்டரிடம் தம்பியையே தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது தினமும் வரும் கேள்வி. குடும்பமே சுற்றி நின்றால் பையன் வாயைத் திறக்க மாட்டான்.

பாலமேட்டுக்காரன்:
எங்கள் பக்கம் தை மாதம் வந்தால் வேறு வகை. மாடு குத்திக் குடல் வெளியே வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் துண்டை வைத்து உள்ளே தள்ளப் பார்த்தார், இன்னொருவர் மஞ்சள் தூள் கேட்டார். சரியான முறை என்ன?

ஓ.டி. அக்கா:
தள்ளவே கூடாது. மஞ்சள், காபித்தூள், எதுவும் வேண்டாம். வெளியே வந்த குடலுக்கு எவிசரேஷன் என்று பெயர். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில், சலைன் கிடைத்தால் சலைனில், நனைத்து மேலே மூடி, அது காய்ந்து போகாமல் பார்த்து, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து 108. கம்பி, கத்தி ஏதாவது குத்தி நின்றால் உருவக் கூடாது. உள்ளே ரத்தக்குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆடாமல் கட்டி அப்படியே கொண்டுவாருங்கள். குடிக்க ஒன்றும் வேண்டாம்.

கொம்புக்குத்து வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். மாடு தலையை ஆட்டித் திருப்புவதால் உள்ளே பல திசையில் கிழித்திருக்கும். தொடை இடுக்கில் குத்தியது வயிற்றுக்குள் போயிருக்கும். நடந்து வந்தார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, கர்ப்பிணிப் பெண் பைக்கிலிருந்து விழுந்தால் வலி இல்லாவிட்டாலும் கூட்டிவர வேண்டும். நச்சுக்கொடி விலகினால் வெளியே ரத்தம் தெரியாமலே உள்ளே கட்டும்.

இரண்டு வாலுகளின் அப்பா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெரியவன் சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில் தொப்புளுக்கு மேலே குத்தியது. வட்டமாக ஒரு தடம், அவ்வளவுதான். விளையாடப் போய்விட்டான். மறுநாளிலிருந்து சாப்பிட்டதெல்லாம் வாந்தி. பித்தம் என்று பாட்டி கஷாயம் போடுகிறார்.

கத்தரிக்கோல்:
கஷாயத்தை நிறுத்திவிட்டு இப்போதே கூட்டிப் போங்கள். சைக்கிள் ஹேண்டில் குத்தும்போது முன்சிறுகுடலும் கணையமும் முதுகெலும்புக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் நசுங்கும். ரத்தக்கட்டு குடல் சுவரில் வீங்கி வழியை அடைப்பதற்கு நேரம் ஆகும், வாந்தி அதனால் தாமதமாகத்தான் தொடங்கும். ஹேண்டில் குத்தியது என்று டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். "வாந்தி" என்று மட்டும் சொன்னால் வேறு பக்கம் தேடுவார்கள்.

கருப்புக்கோட்டு:
வைகைக்கரை கவனத்துக்கு. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்று ஒரு பதிவு போட்டிருப்பார்கள், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதன் நகல், வூண்ட் சர்ட்டிஃபிகேட், சி.டி. ரிப்போர்ட் மூன்றும் இழப்பீட்டு வழக்குக்கு வேண்டும். ஏ.ஆரில் முதல் நாள் "அப்ரேஷன் ஓவர் லெஃப்ட் லாயின்" என்று மட்டும் இருக்கலாம். அப்ரேஷன் என்றால் சிராய்ப்பு, லாயின் என்றால் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் பக்கவாட்டுப் பகுதி. அதை வைத்து எதிர்த்தரப்பு சாதாரணக் காயம் என்று வாதாடும். ஸ்கேன் முடிவுக்குப் பிறகு டாக்டர் தரும் இறுதிக் கருத்தில் கொடுங்காயம் என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 116ஆம் பிரிவு அதற்கு இலக்கணம் சொல்கிறது. எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தான காயம், 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போவது எல்லாம் அதில் வரும். பழைய சட்டத்தில் அது 20 நாள். உங்கள் தம்பிக்கு இடுப்பெலும்பு ஒன்றே போதும்.

வைகைக்கரை:
வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆபரேஷன் இல்லாமலே! யூரெத்ராவுக்கு மட்டும் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ட்ராவசேஷன் ரிப்போர்ட்டில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ரிசால்விங் ஹீமட்டோமா", "ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்." என்று இருக்கிறது. ஓரளவு நானே படித்துவிட்டேன், இந்த இரண்டு மட்டும்.

இரண்டு வாலுகளின் அப்பா:
சந்தோஷம் அக்கா. எங்கள் பெரியவன் இன்னும் வார்டில்தான். முன்சிறுகுடலில் ரத்தக்கட்டு என்று சொன்னார்கள், மூக்கில் டியூப். அறுக்கத் தேவையில்லை, தானாகக் கரையும் என்கிறார்கள்.

ஓ.டி. அக்கா:
ரிசால்விங் என்றால் ரத்தக்கட்டு கரைந்துகொண்டு வருகிறது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் வரவும். நிறைய பேர் அதை "இனி வர வேண்டியதில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மண்ணீரல் விஷயத்தில் அப்படி எடுக்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் கட்டு உடைந்து ரத்தம் கசிவது உண்டு, டிலேய்டு ரப்ச்சர் என்பார்கள். முதல் ஓரிரு வாரத்தில்தான் அது அதிகம். இடது தோள் வலி, மயக்கம், வெளிறிப்போவது, வயிறு உப்புவது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் நேரே எமர்ஜென்சி. டாக்டர் சொல்லும்வரை பைக், கபடி, தண்ணீர்க் குடம் தூக்குவது எதுவும் வேண்டாம். எஸ்.பி.சி. குழாயின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், படுக்கையில் தூக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள். நிறையத் தண்ணீர் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், குழாயில் யூரின் நின்றுபோவது, இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது. குழாய் மாற்றும் தேதியைச் சம்மரியின் பின்பக்கம் எழுதியிருப்பார்கள், திருப்பிப் பாருங்கள்.